ஒத்துப்போகாத கையெழுத்து

முப்பத்து நான்கு வருடம் ஒரு வங்கியில் கையெழுத்துப் பார்த்தேன். போட்டேன் என்று சொல்லவில்லை, பார்த்தேன். காசோலையில் இருக்கிற கையெழுத்தையும் எங்கள் அலமாரி அட்டையில் இருக்கிற மாதிரிக் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே ஆள் போட்டதுதானா என்று சொல்வது என் வேலை. உலகத்தில் பாதிப் பேருடைய கையெழுத்து என் கண்ணைத் தாண்டித்தான் போயிருக்கிறது. மீதிப் பாதிப் பேர் வேறு வங்கியில் கணக்கு வைத்திருந்தார்கள்.

அலுவலகத்தில் எனக்குக் கழுகு என்று பெயர். முகத்துக்கு நேரே ‘மேடம்’, முதுகுக்குப் பின்னால் ‘கழுகு’. நான் ஓய்வு பெற்ற அன்று ஒரு பூதக்கண்ணாடியும், எல்லோரும் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடேயே, அட்டையில் இருந்த பதினேழு கையெழுத்தில் மூன்றை ஒரே ஆள் போட்டிருக்கிறார் என்று கண்டுபிடித்துச் சொன்னேன். சொல்லாமல் லீவு எடுத்திருந்த இரண்டு பேர் மாட்டிக்கொண்டார்கள்.

இவ்வளவு பெருமையும் எதற்கு என்றால், இத்தனை திறமையையும் வைத்துக்கொண்டு நான் என் அக்கா புருஷனைக் கவிழ்த்த கதையைச் சொல்லப் போகிறேன்.

மாமா ஒரு பள்ளிக்கூடத்தின் விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்தவர். ஜாடி கழுவுவார், மேசை துடைப்பார், பிள்ளைகள் அறுத்துப் பார்க்கக் கரப்பான் பூச்சி பிடித்துக் கொடுப்பார். அவர் வாழ்நாளில் பிடித்த கரப்பான்களை வரிசையாக நிறுத்தினால் நிலாவுக்குப் போய்விட்டு, அங்கே கொஞ்சம் இளைப்பாறிவிட்டுத் திரும்பி வரலாம். அவருக்குத் தலைவர், சினிமா நட்சத்திரம் எல்லாமே ஒரே ஆள்தான். பேராசிரியர்.

எந்தப் பேராசிரியர் என்று கேட்காதீர்கள். பேராசிரியர் என்றால் அவர் ஒருவர்தான். கரப்பானுக்கு ஒரு கால் போய்விட்டால் மீதி ஐந்து காலும் எப்படித் தங்கள் முறையை மாற்றிக்கொண்டு ஓடுகின்றன என்பதை ஆராய்ந்து, உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்த அம்மாள். சின்ன வயதிலிருந்தே தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழக்கும் நோய் அவருக்கு. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே அத்தனை பட்டமும் வாங்கினார். அவர் எழுதிய ‘ஆறில் ஒன்று போனால்’ என்ற புத்தகத்தை மாமா மனப்பாடமாக ஒப்பிப்பார். எட்டு வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் அவரைச் சந்தித்துக் கையெழுத்து வாங்கியிருக்கிறார். வந்தவர் போனவர் எல்லோருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டுவார். “பத்து நிமிஷம் என்கிட்டப் பேசினாங்க! பள்ளிக்கூடத்துல முப்பது வருஷம் ஒரு வாத்தியாரும் என்கிட்ட அவ்வளவு நேரம் பேசினதில்ல” என்பார்.

ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டில் சாப்பாடு. ஒரு நாற்பது பேர் இருந்தோம். (பன்னிரண்டு என்பாள் அக்கா. அவளுக்கு எப்போதுமே எண்ணிக்கையில் கஞ்சத்தனம்.) மாமா புத்தகத்தை எடுத்து வந்தார். நான் கை நீட்டினேன். பழக்கம் விடுமா? அட்டையின் உள்மடிப்பில் ஆசிரியர் படத்துக்குக் கீழே அவருடைய கையெழுத்து அச்சாகியிருந்தது. அதையும் மாமா வாங்கிய கையெழுத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எழுத்தின் சாய்வு வேறு. அழுத்தம் வேறு. அச்சில் இருந்தது குதிரை மாதிரி ஓடியது. இதுவோ முட்டி வலிக்காரர் மாடிப்படி ஏறுவது மாதிரி தடுக்கித் தடுக்கிப் போனது.

“மாமா, இது அவங்க கையெழுத்து இல்ல” என்றேன். நாற்பது பேருக்கும் கேட்கிற மாதிரி.

மாமா சிரித்தார். “என் கண்ணு முன்னாடி போட்டாங்கம்மா.”

“யாரோ போட்டுக் குடுத்திருக்காங்க. இல்ல, பெருமைக்காக நீங்களே…”

முடிக்கவில்லை. முடிக்காமலேயே எல்லோருக்கும் புரிந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமா புத்தகத்தை வாங்கி மூடி உள்ளே போனார். அவ்வளவுதான். அன்றிலிருந்து நான் போன் செய்தால் மாமா தூங்குகிறார். காலை பத்து மணிக்குத் தூங்குகிறார், மாலை ஐந்து மணிக்குத் தூங்குகிறார். நேரே போனால் கடைக்குப் போயிருக்கிறார். அலமாரியில் புத்தகம் இருந்த இடம் காலி. அக்கா ஒரு நாள் சொன்னாள்: “அவர் இப்ப யாருக்கும் அதைக் காட்டறதே இல்லடி.”

எனக்கு உறுத்தாமல் இல்லை. ஆனால் என் கணிப்பு தப்பு என்று மட்டும் தோன்றவே இல்லை. உண்மையைச் சொன்னேன், அதற்கு நான் என்ன செய்ய?

இப்படி இருக்கும்போதுதான் பேராசிரியர் எங்கள் ஊருக்கே வருகிறார் என்று செய்தி வந்தது. பொது நூலகத்தின் அரங்கில் சொற்பொழிவு, முடிந்ததும் புத்தகத்தில் கையெழுத்து. நான் துள்ளிக் குதித்தேன். அறுபத்தைந்து வயதில் எவ்வளவு உயரம் குதிக்க முடியுமோ அதைவிட இரண்டு அடி கூடவே குதித்தேன். அசல் கையெழுத்து ஒன்று என் கையில் கிடைத்துவிட்டால் போதும், வழக்கு முடிந்தது. மாமாவிடம் இரண்டையும் வைத்துக் காட்டி, “பாவம், உங்களை யாரோ ஏமாத்திட்டாங்க மாமா” என்று ஆறுதலும் சொல்லிவிடலாம். சமாதானத்துக்கு இதைவிட நல்ல வழி உண்டா? அப்படித்தான் நினைத்தேன். இப்போது எழுதும்போது எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

சொந்தமாக ஒரு புத்தகம் வாங்கிப் படித்தேன். படித்த பிறகு எங்கள் சமையலறைக் கரப்பானை அடிக்கக் கை வரவில்லை. என் வீட்டுக்காரர் செருப்பை ஓங்கினால், “ஐயோ, அதோட நடையைப் பாருங்க!” என்று கத்துவேன்.

“நடையா? அது என் டம்ளர் மேல நடக்குது. இன்னும் ஒரு மாசத்துல வீட்டுச் சாவியை அதுகிட்டயே குடுத்துட்டு நாம வெளியில போயிடலாம்” என்பார் அவர்.

அந்த நாள் வந்தது. நாலு மணிக் கூட்டத்துக்கு நானும் வீட்டுக்காரரும் இரண்டு மணிக்கே போய்விட்டோம். அரங்கத்தில் இருந்த நாற்காலிகளுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. இரண்டாவது வரிசையில் நான் உட்கார்ந்தேன். பையில் புத்தகம், பூதக்கண்ணாடி, போனில் மாமா வாங்கிய கையெழுத்தின் படம். அந்த ஞாயிற்றுக்கிழமையே யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்தது. சாட்சியம் இல்லாமல் நான் வழக்கு நடத்துவதில்லை.

நாலு மணிக்குப் பேராசிரியர் வந்தார். மேடையின் சாய்தளத்தில் அந்த நாற்காலி ஏறிய வேகம் இருக்கிறதே! முகவாய்க்குக் கீழே ஒரு சின்னப் பிடி. அதை முகவாயால் லேசாக அசைத்தே ஓட்டினார். எங்கள் ஊர் கார் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் அவரிடம் பாடம் படிக்கலாம். இரண்டு கைகளும் மடியில், ஒன்றின் மேல் ஒன்றாக, அசைவில்லாமல். குரல் மெல்லியது, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினார். ஆனால் முதல் சொல்லிலேயே அரங்கம் சிரித்தது.

“எல்லாரும் பூச்சி பார்க்க வந்திருக்கீங்க. என்னைப் பார்க்க வந்தவங்க கொஞ்சம் ஏமாறுவீங்க. எனக்கு ரெண்டு காலுதான், அதுவும் ஓடாது.”

திரையில் ஒரு கரப்பானைக் காட்டினார். நடுக்கால் ஒன்று இல்லை. அது நின்று யோசிக்கவில்லை. இரண்டடி தடுமாறியது, மூன்றாவது அடியில் ஓட ஆரம்பித்துவிட்டது. நான் கைதட்டிய தட்டில் முன்வரிசைக்காரர் திரும்பிப் பார்த்துத் தன் காதைத் தடவிக்கொண்டார்.

கையெழுத்து வாங்கப் பக்கத்து அறையில் வரிசை. வாசலில் பேராசிரியரின் தங்கை நின்றிருந்தார். உயரமான அம்மாள், கையில் டோக்கன் கட்டு, முகத்தில் கண்டிப்பு.

“முப்பது பேருக்குத்தான். அதுக்கு மேல போட்டா அக்காவுக்குத் தாடை வலிக்கும், ராத்திரி சாப்பிட முடியாது. யாரும் கெஞ்சாதீங்க, நான் இளக மாட்டேன்.”

எதற்குத் தாடை வலிக்கும் என்று எனக்குப் புரியவில்லை. அந்தக் குஷியில் அதையெல்லாம் யார் யோசித்தார்கள்? எனக்குப் பதினோராம் எண் கிடைத்தது. என் வீட்டுக்காரர் கழிப்பறைக்குப் போனவர் திரும்பி வந்து, ஒரு டோக்கனை ஆட்டிக் காட்டினார். முப்பது.

“உங்களுக்கு எதுக்குங்க இது? கையில புத்தகமே இல்ல!”

“டீக்குன்னு நினைச்சேன். வரிசையா நின்னாங்க, நானும் நின்னேன்” என்றார். “டீ இல்லையா அப்ப?”

வரிசை மெதுவாக நகர்ந்தது. ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆயிற்று. எனக்கு முன்னால் ஒரு பயில்வான் நின்றதால் ஒன்றும் தெரியவில்லை. அவர் வாங்கிக்கொண்டு நகர்ந்தார். நான் பார்த்தேன்.

பேராசிரியரின் முகத்துக்கு நேரே சாய்வாக ஒரு பலகை. தங்கை என் புத்தகத்தை அதில் வைத்துக் கிளிப்பால் பிடித்தார். பக்கத்தில் ஒரு தாங்கியில் மெல்லிய கோல், அதன் ஒரு முனையில் ரப்பரால் இறுக்கிய பேனா, மறு முனையில் பல்லால் கடிக்க ஒரு கட்டை. தங்கை அதைத் துடைத்து நீட்டினார். பேராசிரியர் கடித்துக்கொண்டார். கண்கள் சுருங்கின. கழுத்து நூலிழை அசைந்தது. பேனா முனை தாளைத் தொட்டது.

என் வாழ்நாளில் லட்சக்கணக்கான கையெழுத்துப் பார்த்திருக்கிறேன், அது போடப்படுவதைப் பார்த்ததில்லை. என்னிடம் வந்து சேரும்போது எல்லாமே காய்ந்த மைதான். ஒரு கையெழுத்து பிறப்பதை முதல் முதலாக அன்றுதான் பார்த்தேன். பெரிய வளையம் ஒன்று எழும்பியது, சரிந்தது, இன்னொரு வளையத்தைப் பிடித்துக்கொண்டது. என் நெஞ்சு அடித்த அடியில் பலகை ஆடிவிடுமோ என்று பயந்து ஓரடி பின்னால் நகர்ந்தேன். முடிந்தது. தங்கை கிளிப்பை எடுத்துப் புத்தகத்தை என் கையில் கொடுத்தார்.

அடுத்து நடந்ததை நான் செய்யவில்லை; என் முப்பத்து நான்கு வருட உத்தியோகம் செய்தது. கை தானாகப் பைக்குள் போனது. பூதக்கண்ணாடி தானாக வெளியே வந்தது. உள்மடிப்பு தானாகத் திறந்தது. அச்சுக் கையெழுத்தைப் பார்த்தேன், ஈரக் கையெழுத்தைப் பார்த்தேன், நிமிர்ந்தேன், கவுன்டர் குரலில் சொன்னேன்:

“கையெழுத்து ஒத்துப்போகலை.”

அறை அப்படியே நின்றுவிட்டது. மின்விசிறிகூடச் சுற்றுவதை நிறுத்திக் காதைத் தீட்டியது. தூரத்தில் என் வீட்டுக்காரர், “அட கடவுளே” என்று முணுமுணுத்துவிட்டு, எனக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லை என்பது போல் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

தங்கை, “என்ன சொன்னீங்க?” என்றார். கேள்வி இல்லை அது, கத்தி.

“ஒண்ணும் இல்லங்க… பேங்க்ல வேலை… பழக்கத்துல வாய்…”

பேராசிரியர் கோலைத் தாங்கியில் விட்டார். அவர் தோள் குலுங்கியது. எனக்கு உயிரே போய்விட்டது. அழுகிறார் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“இருடி, அவங்க சொல்லட்டும். எங்க ஒத்துப்போகலை?”

கேட்டால் சொல்லித்தானே ஆகவேண்டும்? சொன்னேன். “இதுல சாய்வு வலது பக்கம், இதுல நேரா நிக்குது. இதுல அழுத்தம் கீழ்க்கோட்டுல, இதுல அழுத்தமே இல்ல. அளவு மூணு மடங்கு. வேகம் வேற. எங்க பேங்க்ல வந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன்.”

“சரியாத்தான் சொல்றீங்க. அந்த அச்சுல இருக்கறது என் வலது கை. இருபது வருஷத்துக்கு முன்னாடி. இது என் வாய். மூணு வருஷமா.”

“நடுவுல?”

“நடுவுல இடது கை. அது ஒரு ஆறு வருஷம் உழைச்சுது, பாவம்.”

ஒன்பது வருடத்துக்கு முன் ஆரம்பித்து ஆறு வருடம். மாமா வாங்கியது எட்டு வருடத்துக்கு முன். அப்படியானால் மாமாவுக்குப் போட்டது அந்த இடது கை.

“எங்க ஊர் பேங்க்லயும் ஒருத்தர் இருந்தார்” என்றார் பேராசிரியர், மூச்சு வாங்கி வாங்கி. “கை மாத்தினப்போ நாலு தடவை திருப்பி அனுப்பினார். ‘நீங்க நீங்கதான்னு எப்படித் தெரியும்’னார். ‘எனக்கே அந்தச் சந்தேகம் உண்டு சார், தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க’ன்னேன்.”

வரிசை சிரித்தது. நான் சிரிக்கவில்லை. கைநடுக்கத்தோடு வந்த ஒரு பெரியவரை ஒரே வாரத்தில் மூன்று தடவை திருப்பி அனுப்பியது ஞாபகம் வந்தது. மூன்றாவது தடவை அவர் ஒன்றுமே பேசாமல் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். மாமா புத்தகத்தை மூடியதும் அப்படித்தான்.

போனை எடுத்து நீட்டினேன். “இது… இது உங்க இடது கைதானா, பாருங்க.”

பேராசிரியர் பார்த்தார். கண்ணில் ஒரு குறும்பு. “நீங்கதானே பார்க்கறவங்க! மூணும் உங்ககிட்ட இருக்கு. எதுல ஒத்துப்போகலைன்னு சொல்லிட்டீங்க. எதுல ஒத்துப்போகுது?”

முப்பத்து நான்கு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. வேறுபாடு இருந்தால் திருப்பி அனுப்பு, அவ்வளவுதான் வேலை. அச்சு, படம், ஈர மை. கண்ணாடியை மூன்றின் மேலும் ஓட்டினேன். தங்கை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குப் பின்னால் இருந்தவர் இருமினார். இருமட்டும்!

புள்ளி.

முதல் எழுத்தின் வயிற்றுக்குள், எந்தத் தேவையும் இல்லாத இடத்தில், ஒரு சின்னப் புள்ளி. அச்சில் இருந்ததை அச்சுப் பிசிறு என்று தள்ளியிருந்தேன். மாமாவுடையதில் பேனா கசிந்தது என்று தள்ளியிருந்தேன். ஆனால் சற்று முன் என் கண்ணெதிரே, எல்லாம் எழுதி முடித்த பிறகு, அந்தக் கோல் மறுபடி இடப்பக்கம் போய் அந்தப் புள்ளியை வைத்ததே!

“புள்ளி!” என்று கத்தினேன். “மூணுலயும் புள்ளி இருக்கு! அதே வயித்துல! அதே இடத்துல!”

பேராசிரியர் குனிந்து பார்க்க முடியாமல், “கிட்டக் கொண்டுவாங்க, கிட்டக் கொண்டுவாங்க” என்றார். கண்ணாடியை அவர் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“அட, ஆமா! ஸ்கூல்ல பரீட்சை எழுதி முடிச்சதும் ‘அப்பாடா’ன்னு ஒரு புள்ளி வைப்பேன். இன்னும் வைக்கறேன்னு எனக்கே தெரியாது.” தங்கையைப் பார்த்தார். “உனக்குத் தெரியுமாடி?”

“தெரியாதுக்கா” என்றார் தங்கை. அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடிகாரத்தை மறந்துவிட்டார்.

நானே கண்டுபிடித்தேன், நானே தோற்றேன். இத்தனை சந்தோஷமாக நான் எதிலும் தோற்றதில்லை.

“இதை வாங்கினவர் என் அக்கா புருஷன்” என்றேன். “பள்ளிக்கூடத்து லேப்ல கரப்பான் பிடிச்சவர். இது பொய்யின்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். ஆறு மாசமா என்கிட்டப் பேசறதில்ல.”

பேராசிரியரின் முகம் மாறியது. “கரப்பான் பிடிக்கறவரா? முட்டை அட்டைக்காரரா?”

“முட்டை அட்டையா?”

“முட்டை அடுக்கற அட்டையை ஜாடியில வைங்க, அதுங்களே ஏறி ஒளிஞ்சுக்கும், அட்டையோட தூக்கிடலாம், ஒரு காலும் உடையாதுன்னு சொன்னார். அதுவரைக்கும் நாங்க பிடிக்கறதுக்குள்ள பாதிப் பூச்சிக்குக் கால் போயிடும். எங்க லேப்ல இன்னிக்கும் அப்படித்தான் பிடிக்கறோம். அவர் எங்க? வரலையா?”

வரவில்லை. நான் வருவேன் என்று தெரிந்துதான் வரவில்லை. மாமா உயிரையே வைத்திருக்கிற ஆள் நாற்பது நிமிடத் தூரத்தில் உட்கார்ந்திருக்க, அவர் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அடுத்தவர்!” என்றார் தங்கை. நான் ஓடினேன். என் வீட்டுக்காரர் சுவரை விட்டுத் திரும்புவதற்குள் அவர் சட்டைப் பையில் இருந்த டோக்கன் என் கையில் இருந்தது.

“ஏய், அது என்னுது!”

“டீ நான் போட்டுத் தர்றேன்!”

“அந்த டம்ளர்லயா? நான் செருப்பு எடுக்கலாமா, கூடாதா?”

“டம்ளர் மேல ஏறினா மட்டும் எடுங்க!”

பேரம் முடிந்தது. அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அவர் தூங்கறார்டி” என்றாள், நான் கேட்பதற்கு முன்பே.

“தூங்கட்டும். ஸ்பீக்கர்ல போடு. தூங்கறவர் காதுல விழட்டும்.”

கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு அறையின் சத்தம் கேட்டது. பேச ஆரம்பித்தேன். “மாமா, நான் பேசறேன். அந்தக் கையெழுத்து நிஜம். அவங்க இடது கை. நான்தான் தப்பாச் சொன்னேன். அன்னிக்கு இருந்த அத்தனை பேர்கிட்டயும் நானே சொல்றேன். நீங்க மன்னிக்காட்டியும் பரவாயில்ல, ஆனா இதைக் கேளுங்க. அவங்க உங்களை ஞாபகம் வச்சிருக்காங்க. முட்டை அட்டைக்காரர் எங்கன்னு கேட்கறாங்க. என்கிட்ட முப்பதாம் நம்பர் டோக்கன் இருக்கு. இப்ப பன்னெண்டு ஓடுது.”

எங்கேயோ ஒரு அலமாரிக் கதவு கிறீச்சிட்டது.

“அக்கா? என்ன பண்றார்?”

“செருப்பு மாட்டறார்” என்று அக்கா கிசுகிசுத்தாள். “ஐயோ, ரெண்டும் இடது கால் செருப்புங்க! நில்லுங்க, நானும் வர்றேன்…” போன் நின்றது.

அடுத்த ஐம்பது நிமிடத்தில் எனக்கு ஐந்து வயது கூடிவிட்டது. பதினெட்டு. இருபத்து ஒன்று. வாசலுக்கும் அறைக்குமாக நான் நடந்த நடையைப் பேராசிரியர் படம் பிடித்திருந்தால் இன்னொரு புத்தகம் எழுதியிருக்கலாம். இருபத்து நான்கில் ஒரு அம்மாள் பேராசிரியரிடம் தன் மகன் படிப்பு பற்றி நீளமாகப் பேசினாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இருபத்தேழுக்காரர் சட்டென்று வாங்கிக்கொண்டு கிளம்பினார். “கொஞ்சம் நின்னு பேசுங்களேன், இவ்வளவு தூரம் வந்துட்டு!” என்று அவரிடமே சண்டைக்குப் போனேன்.

இருபத்தொன்பதாம் ஆளின் புத்தகத்தைத் தங்கை பலகையில் வைத்தபோது வாசலில் மாமா. சட்டைப் பட்டன் ஒன்று மாற்றி மாட்டியிருந்தது. பிளாஸ்டிக் பையில் சுற்றிய புத்தகம் நெஞ்சோடு. பின்னால் அக்கா, மூச்சிரைக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு.

நான் எதிரே போய் நின்றேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தை ஆரம்பித்தேன். “மாமா, அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது…”

“அதெல்லாம் அப்புறம்! டோக்கன் எங்க? நகரு, நகரு, வழியில நிக்கறே!”

ஆறு மாதத்துக்குப் பிறகு மாமா என்னிடம் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அதைவிட இனிப்பாக எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. நகர்ந்தேன்.

அவரைப் பார்த்ததும் பேராசிரியர், “முட்டை அட்டை!” என்றார்.

எட்டு வருடமாக அந்தப் பத்து நிமிடத்தை ஊரெல்லாம் சொன்ன மனுஷருக்கு இப்போது ஒரு சொல் வரவில்லை. புத்தகத்தைப் பிரித்து நீட்டினார். தங்கை பலகையில் வைத்தார். இடது கை தடுக்கித் தடுக்கி எழுதிய அந்தப் பழைய கையெழுத்துக்குக் கீழே கோல் இறங்கியது. பெரிய வளையம், சரிவு, இன்னொரு வளையம். பிறகு நிதானமாக, எங்கள் எல்லோரையும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, ஒரு புள்ளி.

அன்று முப்பது பேருக்கு மேல் இல்லை என்று சொன்ன தங்கை, மாமாவை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பதினைந்து நிமிடம் பேசினார்கள். முட்டை அட்டையை எந்தப் பக்கம் சாய்ப்பது என்பதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதமே வந்துவிட்டது. மாமா விட்டுக் கொடுக்கவில்லை.

திரும்பும்போது நால்வரும் ஒரே காரில். மாமா முன்னால் உட்கார்ந்து, பின்பக்கம் முழுதாகத் திரும்பி, வழி நெடுக வாய் மூடாமல் சொன்னார். ஓட்டுநரும் விடாமல் கேட்டதில் இரண்டு திருப்பத்தைத் தவறவிட்டார். “பத்து நிமிஷம்னு சொன்னேன்ல? இன்னிக்குப் பதினைஞ்சு!” நான் ஒரு வார்த்தை பேச வாயெடுத்தாலும், “நீ சும்மா இரு, உனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். இருந்தேன். என் வீட்டு வாசலில் கார் நின்று நாங்கள் இறங்கிய பிறகும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார்.

“ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு ரெண்டு பேரும் வந்துடுங்க. முக்கியமானதை இன்னும் சொல்லவே இல்ல.”